பாலாற்றுக் கரையிலிருந்து கடல் மீன்வளப் பொறுப்புக்கு

வாசகி கேள்வி: பேரணாம்பட்டுக்கு அருகே எங்கள் ஊர். வேலூரில் எம்.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறேன். அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிறார். கடல் மீன்வளத்தையும் மீன்களின் வாழிடங்களையும் காக்கும் துறையில் முடிவெடுக்கும் பொறுப்புக்கு வரவேண்டும் என்பது என் ஆசை. ஆனால் கடலை நான் இதுவரை மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். மீனவக் குடும்பத்தில் பிறக்காத, கடலே இல்லாத மாவட்டத்துப் பெண்ணுக்கு இது நடக்கிற காரியமா? எந்தத் தேர்வு எழுத வேண்டும்? வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நடக்கிற காரியம்தான். நானும் சோளிங்கர் பக்கத்தில் ஓர் ஏரிப்பாசன ஊரில் பிறந்தவன். கடல் மீன்வளப் பணியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது காட்பாடியில் வசிக்கிறேன். பணியில் சேர்ந்த நாளில் இழுவை மடிக்கும் செவுள் வலைக்கும் எனக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே ஊரைப் பற்றிய கவலையை ஒதுக்கி வையுங்கள். எந்தத் தேர்வு என்ற கேள்விக்குக் கீழே விடை சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் விரும்பும் அந்தப் பொறுப்பில் அமர்கிறவர் நாள்தோறும் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் இந்தத் துறைக்கு வந்து, ஐந்தாறு ஆண்டுகளில் மனம் கசந்து வெளியேறிய திறமைசாலிகளைப் பார்த்திருக்கிறேன்.

கடலில் நீந்துகிற மீனுக்கு யாரும் உத்தரவு போட முடியாது. மீன் பிடிப்பவர் எந்த வலையை, எந்த மாதத்தில், எந்த இடத்தில் போடலாம் என்பதைத்தான் முறைப்படுத்த முடியும். அதனால் மீன்வள நிர்வாகத்தில் எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவும் யாரோ ஒருவருடைய அன்றாட வருமானத்தில் கைவைக்கிறது. தமிழகம் உள்ளிட்ட கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யக் காலம் விடுகிறோம் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். படகில் பங்குக்கூலிக்குப் போகும் தொழிலாளிக்கோ அது இரண்டு மாத வருமானம். அரசு தரும் நிவாரணத் தொகை அதற்கு ஈடாவதில்லை. அந்தத் தொழிலாளியின் முகத்தைப் பார்த்து, அவர் கேட்கும் கேள்விக்கு மழுப்பாமல் விடை சொல்லவும், அவர் சொல்வதில் நியாயம் இருந்தால் அதைக் கோப்பில் ஏற்றி மேலிடத்தில் வாதாடவும் முடிகிறவரையே இந்தத் துறையில் தலைமைக்கு உரியவர் என்று நான் கருதுகிறேன். பதவியின் பெயர் எதுவாகவும் இருக்கலாம்.

இதில் கடினமான பகுதி, கையில் இருக்கும் எண்கள் ஒருபோதும் முழுமையாக இருப்பதில்லை என்பது. வயலில் நெல்லை அளப்பதுபோலக் கடலில் மீனை அளக்க முடியாது. கரைக்கு வந்த மீனைக் கணக்கிட்டு, கடலில் என்ன இருக்கும் என்று ஊகிக்கிறோம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நாட்டின் கரை நெடுக, படகுகள் மீனை இறக்கும் இறங்குதளங்களையும் நாட்களையும் மாதிரியாகத் தேர்ந்தெடுத்து, அங்கே பணியாளர்களை அமர்த்தி, எத்தனை படகு வந்தது, எந்த வலையில் எந்த மீன் எவ்வளவு என்று பதிவு செய்து, அதிலிருந்து மொத்தப் பிடிப்பை மதிப்பிடுகிறது. இத்தனை நீண்ட கரையில் ஒவ்வொரு படகையும் எண்ண முடியாது என்பதால் உருவான முறை அது.

இந்த எண்ணும் வேலையில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஓர் இறங்குதளத்தில் சூடை மீன் வரத்து பாதியாகக் குறைந்துவிட்டதாக அறிக்கை எழுதினேன். அட்டவணையும் வரைபடமும் சேர்த்து, வலைக்கண் அளவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று பரிந்துரையும் செய்திருந்தேன். அதைக் கேள்விப்பட்ட மீன் விற்கும் அம்மா ஒருவர், "தம்பி, நீங்க காலையில வந்துட்டுப் போயிடறீங்க. இப்பல்லாம் சூடை படகு சாயங்காலந்தானே கரை புடிக்குது" என்றார். ஐஸ் ஏற்றிய வண்டி வரும் நேரம் மாறியதால், அந்த ஊரில் ஏல நேரமும் மாறியிருந்தது. குறைந்தது நான் அங்கே இருந்த நேரத்து வரத்து மட்டுமே. அறிக்கையைத் திரும்பப் பெற்றேன். அவர் சொல்லாமல் விட்டிருந்தால், என் கணக்கைக் காரணம் காட்டி ஓர் ஊரின் வலைகளுக்குக் கட்டுப்பாடு வந்திருக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு, அது இன்னும் ஆபத்தானது. பிடிப்பு குறையாமல் இருப்பதாலேயே கடல் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. முன்பு பத்துப் படகு கரையோரத்தில் ஒரு பகல் உழைத்துப் பிடித்த மீனை, இன்று இருபது படகு பெரிய எஞ்சினோடு, மீன் கூட்டம் இருக்கும் இடத்தைக் காட்டும் எதிரொலிக் கருவியோடு, நான்கு நாள் தங்கிப் பிடித்துக்கொண்டு வந்தால் டன் கணக்கு மாறாது. ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு மீன் என்று வகுத்துப் பார்த்தால்தான் தேய்மானம் தெரியும். எந்த எண்ணைப் பார்த்தாலும் அதன் கீழே வகுக்கும் எண் என்ன என்று கேளுங்கள். இந்தப் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொண்டால், மேலே போகப் போக உங்களை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

வாழிடம் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதற்காகவே உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். மீன்வளம் என்றால் படகும் வலையும் ஏற்றுமதியும்தான் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கே உள்ள பவளப்பாறையை மீனவர்கள் 'பார்' என்கிறார்கள். எந்தப் பாரில் எந்தக் காலத்தில் எந்த மீன் நிற்கும் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த அறிவு. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடல், 2022 செப்டம்பரில் நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகம் ஆனது. ஆவுளியா என்று மீனவர்கள் அழைக்கும் கடற்பசு கடற்புல்லைத் தின்று வாழ்வது. அதே கடற்புல் வெளிதான் இறாலுக்கும் நண்டுக்கும் குஞ்சுப் பருவத்து மீன்களுக்கும் தொட்டில். அங்கே அடிக்கடலை வாரிக்கொண்டு இழுவை மடி போனால் ஆவுளியாவும் போகும், அடுத்த ஆண்டு இறாலும் போகும்.

நிர்வாகத்தின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தீவும் பாரும் வனத்துறையின் பொறுப்பு. படகும் வலையும் மீன்வளத்துறையின் பொறுப்பு. கழிவுநீர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. கரையோரக் கட்டுமானம் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்கீழ் வருவது. குஞ்சுப் பருவத்தில் ஒரு துறையின் எல்லைக்குள் வளர்ந்து, பருத்தபின் இன்னொரு துறையின் எல்லையில் பிடிபடும் மீனுக்கு இந்தக் கோடுகள் எதுவும் தெரியாது. நான்கு துறைகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து, மீனவர் பஞ்சாயத்தாரையும் அதே மேசையில் உட்காரவைத்து, ஒரே வரைபடத்தைப் பார்க்கச் செய்பவர்கள் நம் மாநிலத்தில் போதுமான அளவில் இல்லை. உங்களைப் போன்றவர்கள் வரவேண்டும் என்று நான் மனமார விரும்புவது இதனால்தான்.

நல்ல நோக்கத்தோடு வகுத்த திட்டமும் எங்கே தடுமாறும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பாக் விரிகுடாவில் இழுவைப் படகுகளைக் குறைத்து, அவற்றுக்குப் பதிலாகச் சூரை மீன் பிடிக்கும் ஆழ்கடல் படகுகளைக் கொண்டுவரும் திட்டம் 2017-இல் தொடங்கப்பட்டது. மூன்றாண்டுகளில் 2,000 படகுகளை மாற்றுவது இலக்கு. ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய் என்று கொண்டு, அதில் 70 விழுக்காட்டை மத்திய, மாநில அரசுகள் மானியமாக ஏற்றன. ஆனால் மாறிய படகுகளின் எண்ணிக்கை இலக்குக்கு அருகில்கூட வரவில்லை. இதற்குக் கடன் சுமை ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் வாழ்க்கை முறை. இராமேசுவரத்து விசைப்படகுக்காரர் ஒரு நாள் புறப்பட்டு மறுநாளே இறாலோடு கரை திரும்புகிறவர். அவரைப் பல நாட்கள், சில வாரங்கள் ஆழ்கடலில் தங்கித் தூண்டில் போடச் சொல்வது, வேறு தொழிலுக்குப் போகச் சொல்வதற்குச் சமம். விவசாயியிடம் நாளை முதல் நெசவு செய் என்று சொன்னால் தறியை மானியத்தில் கொடுத்தும் என்ன பயன்? திட்டத்தின் திசை சரியானது என்றே இன்றும் நம்புகிறேன். படகின் விலையைக் கணக்கிட்ட அளவு பொறுமையோடு, படகோட்டியின் வாழ்க்கையையும் யாராவது கணக்கிட்டிருக்க வேண்டும்.

மீன் கூட்டத்தையே வளைத்து, அடியைச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலையின் சிக்கலையும் படித்துப் பாருங்கள். தமிழக அரசு 2000-இல் அந்த வலையைத் தடை செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 சனவரியில், 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்ற நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி கிடைத்தது. நாட்டுப்படகு மீனவர் ஒரு பக்கம், கடன் வாங்கி வலை வாங்கிய மீனவர் மறு பக்கம். இரண்டு தரப்பும் மீனவர்களே, சில ஊர்களில் உறவினர்களும்கூட. இப்படிப்பட்ட இடத்தில் நடுநிலை வகிக்க, உயிரியல் அறிவோடு சட்ட அறிவும் வேண்டும். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தையும், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தையும் மூல வடிவில் படித்துவிடுங்கள். சுருக்கங்கள் போதாது.

இனி உங்கள் ஊரைப் பற்றி. கடலே இல்லாத மாவட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். பேரணாம்பட்டின் மலட்டாறு பாலாற்றில் சேர்கிறது. பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. வெள்ளம் வந்த ஆண்டுகளில் நம் மாவட்டத்து மண்ணும் கழிவும் அந்த முகத்துவாரம்வரை போகின்றன. வெள்ளம் வராத ஆண்டுகளில் ஆற்றின் நன்னீர் கடலை எட்டுவதே இல்லை. முகத்துவாரத்து உப்பின் அளவு, அங்கே வளரும் இறால், மடவை எல்லாம் மேலே இருக்கும் நம்மையும் பொறுத்தவை. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், முழுச் சான்று கிடைக்கும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையோடு நடக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டின் சட்டத்தின் பகுதிகளே என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான். பாலாற்றில் கலந்த தோல் கழிவு பற்றிய வழக்கு அது. தீர்ப்பு நாள் 1996 ஆகஸ்ட் 28. அதே ஆண்டு டிசம்பரில் கடலோர இறால் பண்ணைகள் பற்றிய தீர்ப்பிலும் அந்தக் கோட்பாடுகள் எடுத்தாளப்பட்டன. பாலாற்றுக்காகச் சொல்லப்பட்ட நீதி நான்கே மாதத்தில் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தத் தீர்ப்பின் இரு பக்கமும் உங்கள் வீட்டுக்குள் இருக்கின்றன. அப்பாவின் சம்பளம் டேனரியிலிருந்து வருகிறது. கிணற்று நீர் எப்படி மாறியது என்பதும் உங்கள் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கும். தொழிற்சாலைக்குப் பூட்டு என்ற செய்தி வந்த நாளில் சமையலறையில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று உங்களால் ஊகிக்க முடியும். கடலோரத்தில் தடை உத்தரவோடு நீங்கள் போய் நிற்கும் நாளில், எதிரே உட்கார்ந்திருக்கும் விசைப்படகுத் தொழிலாளி உங்கள் அப்பாவைப் போன்றவர். அவரை இயற்கையின் எதிரியாக நீங்கள் பார்க்க மாட்டீர்கள். புத்தகம் படித்து வருகிற பலருக்கு இந்தப் பார்வை வாய்க்கப் பத்தாண்டு ஆகிறது, சிலருக்கு வாய்ப்பதே இல்லை.

சரி, வழிகள். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்திலும், மும்பையில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்திலும் முதுநிலை மீன்வள அறிவியல் இருக்கிறது. ஆனால் அதற்குப் பெரும்பாலும் நான்காண்டு மீன்வள இளநிலைப் பட்டம் கேட்பார்கள். விலங்கியல் முதுகலை முடிக்கும் உங்களுக்கு, மீண்டும் இளநிலையில் தொடங்கச் சொல்ல மாட்டேன். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்கிருந்து பிச்சாவரத்து அலையாத்திக் காடு கைக்கெட்டும் தூரம். உயிர் அறிவியலில் சிஎஸ்ஐஆர் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு (ஜேஆர்எஃப்) தேறினால், அந்த உதவித்தொகையோடு முனைவர் ஆய்வுக்குச் சேரலாம். 1947-இல் தொடங்கி, மண்டபத்தில் இயங்கி, பின்னர் கொச்சிக்குத் தலைமையிடம் மாறிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு மண்டபம், தூத்துக்குடி, சென்னை ஆகிய இடங்களில் மையங்கள் உள்ளன. திட்டப் பணியாளர்களுக்கான அறிவிப்புகள் அவ்வப்போது வரும். ஊதியம் குறைவு, காலம் குறுகியது. ஆனாலும் இறங்குதளத்தில் நிற்கும் பயிற்சி வேறெங்கும் இப்படிக் கிடைக்காது.

அரசுப் பணியை விரும்பினால், டிஎன்பிஎஸ்சி வழியாக மீன்வளத்துறைப் பதவிகள் உள்ளன. ஒவ்வோர் அறிவிக்கையிலும் உங்கள் பட்டம் ஏற்கப்படுகிறதா என்பதை வரிவரியாகப் பாருங்கள். பலர் கவனிக்காத வழி, யுபிஎஸ்சி நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வு. விலங்கியல் பட்டம் அதற்குத் தகுதியானது. பொதுப் பிரிவுக்கு 32 வயது வரை எழுதலாம், பிற பிரிவினருக்குத் தளர்வு உண்டு. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் பொறுப்பில் இருப்பவர் வனப்பணி அதிகாரிதான் என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் உங்களுக்கு ஒதுக்கப்படும் மாநிலத்துக்குக் கடலே இல்லாமல் போகலாம். அதற்கு மனத்தைத் தயார்படுத்திக்கொண்டு எழுத வேண்டும். அரசுக்கு வெளியிலும் இடமுண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி, தேங்கிய உப்பு நீரை வடியவிட்டு அலையாத்திக் காட்டை மீட்ட பணி, வாழிட மேலாண்மை படிக்கும் எவரும் நேரில் பார்க்க வேண்டியது. சென்னையில் இயங்கும் வங்காள விரிகுடா நாடுகளின் மீன்வள அமைப்பு, பிற்காலத்தில் நீங்கள் நோக்கக்கூடிய இடம். எந்த வழியில் போனாலும், மேசைப் பதவிக்கு முன்னால் கடலோர ஊர் ஒன்றில் குறைந்தது மூன்று ஆண்டுகள் தங்கிவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பெண் என்பதால் வரும் சிரமங்களை மறைப்பது சரியல்ல. இறங்குதளங்களின் வேலை விடியுமுன் மூன்று மணிக்குத் தொடங்கும்; பல இடங்களில் பெண்களுக்குக் கழிப்பிட வசதி கிடையாது; சில ஊர்களில் பெண்ணைப் படகில் ஏற்றத் தயங்குவார்கள். என்னுடன் பணியாற்றிய பெண்கள் இதைத் தாண்டியது, மீன் விற்கும் பெண்களின் துணையால். ஏலத்தின் விலையும், யார் எந்தக் கடனில் இருக்கிறார்கள் என்பதும், எந்த மீன் எந்த மாதம் மறைந்தது என்பதும் அவர்களுக்குத் தெரிந்த அளவு பஞ்சாயத்தாருக்குத் தெரியாது. அதோடு, அந்தப் பேச்சு ஆண் அதிகாரிகளின் காதுக்கு எளிதில் வராது. என் தவறைத் திருத்தியவரும் அவர்களில் ஒருவர்தானே.

பி.எட். பற்றி: வீட்டின் கவலை நியாயமானது. ஆனாலும் இந்த இரண்டு ஆண்டுகளை அதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நெட் தேர்வுக்கு ஓராண்டும், திட்டப் பணிக்கு ஓராண்டும் கேளுங்கள். நெட் தேர்ச்சி கல்லூரி ஆசிரியப் பணிக்கும் வழி திறப்பது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அவருடைய கவலைக்கும் அதில் விடை இருக்கிறது.

படிப்பு முடியும்வரை காத்திருக்காமல் இப்போதே ஒரு வேலையைத் தொடங்குங்கள். வேலூர் மீன் மார்க்கெட்டுக்குச் சென்னையிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் ஐஸ் போட்ட மீன் வருகிறது. ஏப்ரல் 15-இல் கிழக்குக் கரைக்குத் தடைக்காலம் தொடங்கும். மேற்குக் கரைக்கு ஜூன் 1-இல் தொடங்கி ஜூலை 31-இல் முடியும். ஜூன் முதல் இரண்டு வாரங்களில் இரண்டு கரைகளிலும் விசைப்படகுகள் ஓடாது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் முடிய, வாரத்தில் இரண்டு நாள், ஒரே நேரத்தில் போய், ஐந்து வகை மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எங்கிருந்து வந்தது, என்ன விலை, ஒவ்வொன்றிலும் பத்து மீனின் நீளம் எவ்வளவு என்று எழுதிவாருங்கள். ஜூனின் அந்த முதல் இரண்டு வாரங்களில் ஏரி மீன் எவ்வளவு வருகிறது, காவேரிப்பாக்கத்து மீனா, ஆந்திரத்து மீனா என்பதையும் கேட்டுக் குறியுங்கள். இடையில் ஒரு நாள், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, காட்பாடியிலிருந்து மாலை ரயில் ஏறி, இரவு உறவினர் வீட்டில் தங்கி, விடியுமுன் சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் அதே ஐந்து மீன்களின் ஏல விலையைக் குறித்து வாருங்கள். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், நீங்கள் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தை மறக்காமல் எழுதுங்கள். செப்டம்பரில் அதன் நகலை எனக்கு அனுப்பினால், வரிக்கு வரி படித்துவிட்டு, எந்த மையத்துக்கு, யாருடைய ஆய்வுப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று தனியே எழுதுகிறேன்.